சிறுநீரகக் கட்டி: ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

வயிற்றுவலிக்காகவோ பித்தப்பைக் கல்லுக்காகவோ எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் எதிர்பாராமல் சிறுநீரகத்தில் ஒரு கட்டி தென்படுகிறது. ஸ்ரீரங்கம், லால்குடி, முசிறிப் பகுதிகளிலிருந்து அந்த அறிக்கையுடன் எங்களிடம் வருவோர் முதலில் கேட்பவை இரண்டு: இது புற்றுநோயா? சிறுநீரகத்தை எடுத்துவிட வேண்டுமா? அடுத்து எடுக்கும் ஸ்கேனைப் பார்த்த பின்னரே இவற்றுக்கு விடை கூற இயலும்.

அல்ட்ராசவுண்ட் முதன்மையாக, கட்டி நீர் நிறைந்ததா, திடமானதா என்று காட்டும். மெல்லிய சுவருடைய எளிய நீர்க்கட்டி வயதானோரிடம் மிகச் சாதாரணம். அதற்குச் சிகிச்சை பெரும்பாலும் தேவையில்லை. சுவர் தடித்தோ உள்ளே தடுப்புகள் இருந்தோ காணப்பட்டால், 1986இல் போஸ்னியாக் என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி அதற்கு எண் தரப்படும். அறிக்கையில் ‘போஸ்னியாக் 3’ என்று கண்டதும் புற்றுநோயின் மூன்றாம் கட்டம் என்று எண்ணி உறக்கமிழந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அது நோயின் கட்டமன்று. சந்தேகத்தின் அளவு மட்டுமே.

திடக்கட்டியாயின் சி.டி. ஸ்கேன் வேண்டும். அதைக் கண்டறிந்து 1979இல் நோபல் பரிசில் பங்குபெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அமைந்த அளவுகோலில் தண்ணீரின் மதிப்பு 0. கொழுப்பினுடையது ஏறத்தாழ -100. கட்டிக்குள் கொழுப்பு தெளிவாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிபோமா என்னும் தீங்கற்ற கட்டியே. நான்கு சென்டிமீட்டரைக் கடந்தால் இரத்தக்கசிவு நேரலாம் என்பதால் அளவைக் கண்காணிக்கிறோம். சிறியதாயின் அறுவை தேவையில்லை.

கொழுப்பு தெரியாத கட்டிகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. “ஒரே ஸ்கேனை ஏன் மூன்று முறை எடுக்கிறீர்கள்?” என்று உறவினர்கள் சலித்துக்கொள்வதுண்டு. சாய மருந்து செலுத்துமுன் ஒருமுறை, செலுத்திய அரை நிமிடத்துக்குச் சற்றுப் பின் ஒருமுறை, மேலும் ஒரு நிமிடம் கழித்து ஒருமுறை எடுத்தால்தான், சாயத்தைக் கட்டி எவ்வளவு விரைவாக வாங்கி வெளிவிடுகிறது என்பது புலப்படும். சிறுநீரகப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் ‘கிளியர் செல்’ வகை உடனே பளிச்சிட்டுப் பின் மங்கும். ‘பாப்பில்லரி’ வகை சிறிதளவே ஒளிரும். சாயம் செலுத்திய பின் ஒரே முறை எடுத்த படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. வெளியில் எடுத்த ஸ்கேனை நாங்கள் மீண்டும் எடுக்கச் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆனால் ஆன்கோசைட்டோமா என்னும் தீங்கற்ற கட்டியும் கிளியர் செல்லைப் போலவே பளிச்சிடும். எம்.ஆர்.ஐ. எடுத்தும் இரண்டையும் உறுதியாகப் பிரிக்க இயலாமற்போவதுண்டு. நான்கு சென்டிமீட்டருக்கும் குறைந்த திடக்கட்டிகளை அகற்றிப் பரிசோதித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றதாகவே இருக்கிறது. ஆகவே ஐயமுள்ள இடத்தில் அவசரமாக அறுவைக்குச் செல்வதைவிட ஊசி மூலம் திசு எடுத்துப் பார்ப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. ஊசி பட்டால் புற்று பரவும் என்ற அச்சம் ஊரெங்கும் உண்டு. உண்மையில் அது மிக அரிது.

ஸ்கேனுக்கு வரும்போது அண்மையில் பார்த்த கிரியாட்டினின் அளவைக் கொண்டு வாருங்கள். மெட்ஃபார்மின் உட்கொள்வோரும், முன்பு சாய மருந்தால் தடிப்பு, மூச்சுத்திணறல் கண்டோரும், கருவுற்றிருப்போரும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பழைய ஸ்கேன் படங்களையும் சி.டி. தட்டுகளையும் தவறாமல் எடுத்து வாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. இரண்டாண்டுக்கு முந்தைய படத்தில் அதே கட்டி அதே அளவில் இருந்தால், கத்தியை எடுக்குமுன் நாங்கள் பொறுத்துப் பார்க்கலாம்.