அடுத்து எந்த ஏடு?

எடமலைப்பட்டி புதூரில் சென்ற ஆண்டு தைத் திங்களில் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசியவர் நாம். ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். சாக்ரட்டீசை அழைத்தோம், வால்டேரை அழைத்தோம், இங்கர்சாலை அழைத்தோம். அவர்களும் வழக்கம்போல் மறுக்காமல் வந்து நமக்குத் துணை நின்றார்கள். உழைப்பவன் உலகை அறிய வேண்டும், உலகை அறிய ஏடுகளைப் புரட்ட வேண்டும், புரட்டாதவன் பிறர் புரட்டுக்கு இரையாவான் என்று முழங்கினோம். கைதட்டல் கிடைத்தது. கைத்தறித் துண்டு ஒன்றும் கிடைத்தது.

ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞன் அருகே வந்தான். அரியமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு.

"அண்ணே, படி படின்னு சொன்னீங்க. என்னத்தப் படிக்கிறது? ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வர்றேன். சாப்பிட்டுப் படுக்கறதுக்குள்ள அரை மணி நேரம் கிடைக்கும். அதுல எதைப் படிக்கட்டும்?"

"அண்ணாவைப் படி, தம்பி" என்றோம்.

"அதான் படிச்சுட்டேனே அண்ணே. அடுத்து?"

தோழர்களே, அந்த 'அடுத்து' என்ற ஒரு சொல்லுக்கு, ஒன்றேகால் மணி நேரம் பேசிய நாவில் விடை இல்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம். அனுப்பிவைத்தோம் என்பதைவிடத் தப்பித்தோம் என்பதே பொருந்தும்.

அன்றிரவே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினோம். இந்த ஆண்டு நாம் படிப்பது எது, அதை எடுத்தது ஏன், முடித்தோமா பாதியில் விட்டோமா, எல்லாவற்றையும் அதில் குறித்து வருவது என்று முடிவு. கணக்குப் பார்த்தால்தானே கடன் தெரியும்! ஆனி முடியக் கணக்கைப் பார்த்தோம். 14 நூல்கள். அடேயப்பா, மாதத்துக்கு இரண்டுக்கு மேல் என்று நாமே நம் முதுகைத் தட்டிக்கொண்டோம். அந்தத் தெம்பில் நோட்டை எடுத்துக்கொண்டு படிப்பகத்துக்குச் சென்றோம்.

படிப்பகத்துக்கு நாள் தவறாமல் வருகிற பெரியவர் ஒருவர் உண்டு. பொன்மலைப் பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் கட்சிக்காரர் அல்லர். செங்கொடிச் சங்கத்தில் வளர்ந்தவர். நம்முடைய ஏட்டை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, எங்கெங்கே பிழை என்று நமக்கே எடுத்துக் காட்டுகிறவர். அவரிடம் நோட்டை நீட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நம் இயக்கத்தார் எழுதியவை பதினொன்று. அந்தப் பதினொன்றையும் பாராட்டி எழுதப்பட்டவை இரண்டு. மிச்சம் ஒன்று, இரயிலில் படித்த துப்பறியும் கதை.

"இதுல எது தம்பி உன்னோட சண்டை போட்டுச்சு?" என்றார்.

விழித்தோம்.

"பதிமூணும் உன்னைத் தலையாட்ட வச்சிருக்கு. ஒரே புத்தகத்தைத்தான் பதிமூணு தடவை படிச்சிருக்கே" என்று நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, ஏட்டைப் புரட்டப் போய்விட்டார்.

கோபம் வந்தது. மறைப்பானேன்? மாற்று முகாமைச் சேர்ந்தவர் ஆதலால் அப்படித்தான் சொல்வார் என்று ஒரு கிழமை நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். அந்தக் கோபம் தணிந்தது, ஆடியில் 'என் சரித்திர'த்தை எடுத்தபோதுதான். ஆம், உ.வே.சாமிநாதையர் எழுதியதுதான்! இவனுக்கு அவர் எதற்கு என்று தோழர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன இருபத்தைந்து வயது இளைஞர் சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கச் செல்கிறார். யாரிடம் பாடம் கேட்டீர் என்ற கேள்வி வருகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்கிறார் இளைஞர். திரிசிரபுரத்துப் பிள்ளை! நம் திருச்சிச் சீமையில் 1815-இல் பிறந்து, தல புராணங்களைப் பாடிக் குவித்த பெரும்புலவர். அந்தப் பெயரைச் சொன்னாலே தமிழறிந்தவர் எழுந்து நிற்பர். முதலியார் அசையவில்லை. என்னென்ன படித்தீர் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று பட்டியல் நீள்கிறது. இவ்வளவுதானா என்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்கிறார் அவர். கம்பராமாயணத்தைச் சொல்லியும் முகம் மலரவில்லை. பிறகு கேட்கிறார்: இவற்றுக்கெல்லாம் முந்தியவற்றைப் படித்ததுண்டா? சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை?

படித்ததில்லை. அந்நூல்கள் அந்த இளைஞரின் கண்ணிலேயே பட்டதில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொல்லவில்லை. தமிழில் கரை கண்டதாக எண்ணியிருந்தவர் முன்னே ஒரு முன்சீப் புதிய கடலைக் காட்டிவிட்டார்.

நமக்கு நோட்டை மூடிக் கொடுத்த பெரியவர் நினைவு வந்ததா, இல்லையா? நமக்கு வந்தது. ஆனால் நம்மைப்போல் அவர் ஒரு கிழமை முறுக்கிக்கொண்டு திரியவில்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். புரியவில்லை. அது சமண நூல். இவரோ சைவத் திருமடத்தில் படித்து வளர்ந்தவர். பொருள் சொல்ல யார் உண்டு? கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர் வீட்டு வாயிலில் போய் நின்றார். அந்த வீட்டிலோ, அன்றுதான் சிந்தாமணியைப் படித்து முடித்த நிறைவுக்காக விழாக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்! பெரும்புலவரின் மாணவருக்குத் தெரியாத நூல், அதே ஊரில் ஒரு குடும்பத்துக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கிறது. கேட்டார், கற்றார், ஏழு ஆண்டு உழைத்து 1887-இல் அச்சில் கொண்டுவந்தார். பிறகு 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலம்பு, 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. நாம் மேடைக்கு மேடை அழைக்கிறோமே கண்ணகியை, அவள் பழைய உரையோடு முழுமையாக அச்சேறி வந்தது அந்த 1892-இல்தான்.

அதனால் அவர் சமணராகிவிட்டாரா? இல்லை. இறுதிவரை நீறணிந்த சைவர்தான். தன் வீட்டை இடிக்காமலே அடுத்த வீட்டுக்குள் சென்று வந்தவர் அவர். நமக்கும் அவருக்கும் கருத்தில் காத தூரம். இருந்தாலும் இந்த ஒரு பாடத்தில் அவரை ஆசானாகக் கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

நம் வீட்டிலேயே சான்று இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1943-இல் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் கம்பராமாயணத்தைப் பற்றி அண்ணா சொற்போர் நடத்தினாரே, கம்பனைத் தொடாமலா நடத்தினார்? எதிர்ப்பதற்காகவே கரைத்துக் குடித்திருந்தார். இன்று நாம் அந்தச் சொற்பொழிவைப் படித்துவிட்டுக் கம்பனைப் பற்றிப் பேசுகிறோம். அண்ணா பட்ட பாட்டை நாம் படவில்லை, அவர் பெற்ற வெற்றியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம். நம் நோட்டின் பதினொன்றில் 'தீ பரவட்டும்' இருந்தது, கம்பன் இல்லை.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். கைப்பேசியைப் பாருங்கள். ஒரு பேச்சைக் கேட்டு முடித்தால், 'அடுத்தது இதோ' என்று அதுவே எடுத்து நீட்டுகிறது. எதை நீட்டுகிறது? முன்பு கேட்டதைப்போல் ஒன்றை. நாத்திகனுக்கு நாத்திகம், பக்தனுக்குப் பஜனை, சண்டைப் பிரியனுக்குச் சண்டை. 'அடுத்து என்ன' என்று தலையைச் சொறியும் வேலையையும் அந்தப் பொறி நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது.

ஆகவே ஆடிக்குப் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒரு நூலை முடித்தால், அது எழுப்பிய ஐயம் எது என்று நோட்டில் ஒரு வரி எழுதுவது. அடுத்த நூல் அந்த ஐயத்துக்கு விடை தேடுவதாக இருக்க வேண்டும், அல்லது நாம் ஒருபோதும் நுழையாத வீடாக இருக்க வேண்டும். புகழ்பெற்றது என்பதற்காக எடுப்பதில்லை. அப்படி எடுத்த 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்தைத் தாண்டுவது. இருநூறாவது பக்கத்தில் நமக்கு மூச்சு வாங்கி, அடையாளச் சீட்டோடு அலமாரியில் நிற்கிறது. நூலின் குறையன்று, நம் குறை. வேறொரு நாள் பார்ப்போம்.

ஆடிக்குப் பிறகு படித்தவை ஏழுதான். ஆனால் ஏழில் மூன்று நம்மைத் தூங்கவிடவில்லை.

முதலாவது 'கரிப்பு மணிகள்'. எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். நம் முசிறியில் பிறந்தவர் என்பது எத்தனை திருச்சித் தோழர்களுக்குத் தெரியும்? நமக்கே தெரியாது! தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் சென்று, அந்த மக்களோடு பழகி, கண்டதைக் கதையாக்கினார். சோற்றில் உப்புக் குறைந்தால் இலையைத் தள்ளுகிறோம். அந்த உப்பு யாருடைய காலை அரித்துவிட்டு நம் இலைக்கு வந்தது என்று நாம் கேட்டதில்லை.

இரண்டாவது 'எரியும் பனிக்காடு'. தேயிலைத் தோட்டத்துக்கு மருத்துவராகச் சென்று, தொழிலாளர் பக்கம் நின்ற பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் தந்தார். மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி நெல்லைச் சீமையிலிருந்து மலையேறிய கருப்பனும் வள்ளியும், முன்பணக் கடனில் சிக்கி மீள முடியாமல் தவிக்கும் கதை. நாம் 'சுரண்டல்' என்ற சொல்லை மேடையில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். அதன் கணக்குப் புத்தகம் எப்படி எழுதப்படுகிறது, எந்தத் தலைப்பில் எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்பதை இதில்தான் பார்த்தோம்.

மூன்றாவது 'தோல்'. டி. செல்வராஜ் எழுதியது, 2012-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் கதை. திண்டுக்கல் செல்லும் இரயிலின் ஓசை நம் வீட்டுக்கு நாள்தோறும் கேட்கிறது. சுண்ணாம்புக் குழியில் நின்று வெந்த கால்கள் அந்த இரயில் போய்ச் சேரும் ஊரில் இருந்தது நமக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம்: முதல் ஐம்பது பக்கம் மனம் உறுத்தியது. அங்கே பறக்கும் கொடி நம் கொடி அன்று. நம்மவர் எங்கே, நம்மவர் எங்கே என்று தேடிக்கொண்டே புரட்டினோம். பிறகு தேடுவதை விட்டோம். அதன் பின்னர்தான் படிக்கத் தொடங்கினோம் என்று சொல்ல வேண்டும். பெரியவரிடம் போய், "சண்டை போட்டது ஐயா" என்றோம். "யாரு ஜெயிச்சா?" என்றார். "இன்னும் நடக்கிறது" என்றோம். தேநீர்க் காசை அன்று அவரே கொடுத்தார்.

நூலுக்குக் காசு? தோழர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மேற்சொன்ன மூன்றில் ஒன்றைத்தான் விலைக்கு வாங்கினோம். மற்ற இரண்டும் பொது நூலகத்தில் எடுத்தவை. 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படி நம் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. வாடகை வீட்டுக்காரரும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டத்தான் கட்டுகிறார். வரியைக் கட்டிவிட்டு நூலை எடுக்காமல் வருவது, கடையில் காசைக் கொடுத்துவிட்டு அரிசியை மறந்துவிட்டு வருவதைப் போன்றது. கேட்ட நூல் அங்கே இல்லையா? எழுதிக் கொடுங்கள். நாம் எழுதிக் கொடுத்தோம். இரண்டு திங்கள் கழித்து வந்தது. வராமல் போனதும் உண்டு.

அரை மணி நேரம்தானே கிடைக்கிறது என்று அந்தத் தம்பி சொன்னானே, அவனுக்காக ஒன்று. இலண்டனில் ஒரு கொல்லர் வீட்டுப் பிள்ளை, பதினான்காம் வயதில், 1805-இல், புத்தகம் கட்டும் கடைக்கு வேலை கற்கச் சென்றான். ஏழாண்டு ஒப்பந்தம். கட்டுவதற்கு வந்த நூல்களை ஓய்ந்த நேரத்தில் படித்தான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை கைக்கு வந்தது. ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூல் வந்தது. படித்ததை, கையிலிருந்த சில்லறையில் வாங்கிய பொருள்களைக் கொண்டு செய்து பார்த்தான். செய்ததில் ஐயம் எழுந்தது; அந்த ஐயம் அடுத்த நூலுக்கு இழுத்துச் சென்றது. மைக்கேல் பாரடே அவன் பெயர். மின்னோட்டத்தைக் கொண்டு கம்பி ஒன்றைச் சுழல வைத்து 1821-இல் அவர் காட்டியதுதான், இன்று அரியமங்கலத்தில் நம் தம்பியின் லேத்தைச் சுற்றும் மோட்டாருக்கு மூலம்.

கார்த்திகையில் அவனைத் தேடிப் போனோம். 2025-இல் பஞ்சப்பூரில் பேருந்து முனையம் திறந்த பிறகு புதூர்ச் சாலையைக் கடப்பதே ஒரு வீரச் செயலாகிவிட்டது. கடந்து போய்ப் பிடித்தோம். தையில் கேட்ட கேள்விக்குக் கார்த்திகையில் விடை! மூன்று நூல்களையும் கொடுத்தோம். மார்கழி முடிவதற்குள் இரண்டைத் திருப்பிக் கொண்டுவந்தான். அட்டையில் எண்ணெய் விரல். 'எரியும் பனிக்காடு' மட்டும் அவன் அம்மா கையில் இருக்கிறதாம். பகலில் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் படித்துக் காட்டுகிறாராம்.

"நல்லா இருந்துச்சு அண்ணே. உப்பளத்தை எழுதியிருக்காங்க, தோல் ஷாப்பை எழுதியிருக்காங்க, தேயிலையை எழுதியிருக்காங்க. லேத்தை யாரு எழுதியிருக்காங்க?"

மறுபடியும் விழித்தோம். ஆனால் இம்முறை தேநீர் வாங்கிக் கொடுத்துத் தப்பவில்லை. படிப்பகத்துக்கு அழைத்துச் சென்று பெரியவர் முன்னே நிறுத்தினோம். அவருக்கும் தெரியவில்லை. ஞாயிறு மாலைகளில் மூவரும் நூற்பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். இடையில் இந்த ஆண்டு நோட்டின் முதல் வரியில் கம்பனை எழுதிவிட்டோம். பாலகாண்டம் பாதி வந்திருக்கிறது. கடைசல் பட்டறைத் தொழிலாளியின் வாழ்வைச் சொல்லும் தமிழ் நாவல் எதையேனும் தோழர்கள் அறிந்திருந்தால், நூலின் பெயரை ஏட்டின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதுக. தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான்.