பட்டினியின் பேச்சு

1944 நவம்பர். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் வரிசைகளுக்கு அடியில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு 36 இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள்; துப்பாக்கி தூக்க மாட்டோம், வேறு எந்த வகையிலாவது உதவுகிறோம் என்று முன்வந்தவர்கள். ஐரோப்பா அப்போது பசியில் கிடந்தது. பட்டினியில் ஒடுங்கிப்போன மக்களுக்குப் போர் முடிந்த பிறகு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்பதில் மருத்துவர்களுக்கே தெளிவில்லை. அதைக் கண்டறியத்தான் உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் இந்த ஆய்வைத் தொடங்கினார். உடலும் மனமும் திடமாக இருப்பவர்களா என்று சோதித்து, வந்த பலரிலிருந்து இவர்களைப் பொறுக்கி எடுத்தார்.

அவர்களில் ஒருவருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் 12 வாரம் வயிறாரச் சாப்பாடு. 1945 பிப்ரவரியில் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். நாளுக்கு இரண்டே வேளை. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், டர்னிப் கிழங்கு, மக்ரோனி. சராசரியாக 1,570 கலோரி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். 24 வாரத்தில் ஒவ்வொருவருடைய எடையிலும் நான்கில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்பது திட்டம். இன்று எடைக் குறைப்புக்கென்று வாட்ஸ்அப்பில் சுற்றும் 'டயட் சார்ட்'டுகள் பல, அந்தப் பட்டினிச் சாப்பாட்டைவிடக் குறைவாகத்தான் சாப்பிடச் சொல்கின்றன. நினைத்தாலே பதறுகிறது.

சில வாரங்களிலேயே அவர்களுடைய பேச்சு மாறியது. உலக விவகாரங்களை விவாதித்துக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டைத் தவிர எதையும் பேசவில்லை. சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள். ஒருவரிடம் நூற்றை நெருங்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. தட்டில் இருப்பதை உடனே சாப்பிடாமல் துண்டு துண்டாக்கி, தண்ணீர் விட்டுக் கலந்து, அளவு கூடியதுபோல் தோன்றச் செய்து, நேரத்தை இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். உப்பும் மசாலாவும் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். காபிக்குக் கணக்கில்லை. ஒரே நாளில் 40 பாக்கெட் சூயிங்கம் மென்றவரும் உண்டு. கடைசியில் தட்டை நக்கினார்கள். கோடையிலும் குளிர்ந்தது. முடி கொட்டியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 35 வரை இறங்கியது. நண்பர்களையும் காதலிகளையும் விட்டு ஒதுங்கினார்கள். சிலர் கட்டுப்பாட்டை மீறிக் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் உடைந்துபோனார்கள். துணையில்லாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்று அதன் பிறகு விதி வந்தது. எலும்பு தெரிய நின்றபோதும் தாங்கள் மெலிந்திருப்பதாக அவர்களுக்குப் படவில்லை. மற்றவர்கள்தான் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதாகத் தெரிந்தது.

சாப்பிட மறுத்து உடல் மெலிந்துபோகும் அனோரெக்ஸியா நெர்வோசா என்ற நோய் வந்த பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட எந்த அம்மாவுக்கும் இதில் எதுவும் புதிதாக இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி செய்து பரிமாறுவாள், தான் ஒரு வாய் தொடமாட்டாள். விடிய விடிய யூடியூபில் சமையல் வீடியோ பார்ப்பாள். ஒரு இட்லியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து, தட்டின் ஓரமாக ஒதுக்கி, மூன்று விரலால் தள்ளிக்கொண்டே இருப்பாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாதி அப்படியே கிடக்கும். தோசைக்கு எத்தனை சொட்டு எண்ணெய் விடுகிறார்கள் என்று அடுப்படியில் வந்து நிற்பாள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருப்பாள். 'அழுத்தக்காரி', 'ஸ்டைலு', 'வேலை வெட்டி இல்லாத கொழுப்பு' என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள்.

அந்தப் பெயர்கள் அநியாயம். போர் வேண்டாம் என்று ஒரு நாட்டையே எதிர்த்து நின்ற மனத்திடம் கொண்ட ஆண்களை ஆறு மாத அரைப்பட்டினி அப்படி ஆக்கிவிட்டது. பதினைந்து வயதுப் பெண்ணிடம் நாம் காண்கிற பிடிவாதத்திலும் ஒளிவுமறைவிலும் எரிச்சலிலும் பெரும்பகுதி அவள் குணம் அல்ல. அவளுக்குள்ளிருந்து பேசுவது பட்டினி. பசித்த மூளையோடு உட்கார்ந்து நியாயம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு நியாயம் கேட்கும் தெம்பு இல்லை.

எல்லாவற்றையும் பட்டினியின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. மின்னசோட்டா இளைஞர்கள் சாப்பாடு கிடைத்ததும் பாய்ந்து சாப்பிட்டார்கள். அனோரெக்ஸியா வந்தவளுக்கு எதிரிலேயே சாப்பாடு இருக்கும், கை போகாது. எடை கூடிவிடுமோ என்ற பீதி அவ்வளவு. இந்த நோயில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதை இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதிலும் குறை வரக் கூடாது என்று தன்னையே வருத்திக்கொள்ளும் சுபாவம், சதா பதற்றம், பருவ வயதில் உடல் மாறுகிற வேகம் எல்லாம் சேர்கின்றன. தொடக்கம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு டயட், ஒரு காய்ச்சல், பரீட்சைக் காலத்தில் விட்டுப்போன மதியச் சாப்பாடு, யாரோ சொன்ன ஒரு சொல்.

அந்தச் சொல் நம் வீடுகளில் எவ்வளவு மலிவாகப் புழங்குகிறது! கல்யாண மண்டபத்தில் செருப்பைக் கழற்றுவதற்குள் "என்னடி, இப்படி ஊதிட்டே?" என்று கேட்கும் அத்தை, தங்கையின் இடுப்போடு ஒப்பிடும் பெரியம்மா, உடல் பருமனையே நகைச்சுவையாக ஓட்டிய தமிழ்ப் படங்கள். வாங்கிக்கொண்டு சிரிக்கிற பெண் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. யாருக்கு வரும் என்று சொன்னவருக்குத் தெரியாது என்பதுதான் பயம்.

ஒரு சமூகம் உடம்பைப் பார்க்கும் பார்வை எத்தனை சீக்கிரம் மாறும் என்பதற்கு ஃபிஜித் தீவுகள் சாட்சி. அங்கே பழைய வழக்கப்படி, நல்ல உடம்போடு இருப்பது வீட்டாரின் அன்புக்கும் கவனிப்புக்கும் அடையாளம். ஒருத்தி இளைத்தால்தான் கவலைப்படுவார்கள். நம் ஊரிலும் "பூசினாப்போல இருக்கா" என்பது ஒரு காலத்தில் பாராட்டுதானே? நட்ரோங்கா பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு மருத்துவர் ஆன் பெக்கர் அந்த ஆண்டே பள்ளி மாணவியரிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டார். 1998-ல் மறுபடி விசாரித்தார். சாப்பிட்டதை வாந்தியெடுத்து எடையைக் குறைக்கப் பார்த்தவர்கள் முதலில் ஒருவரும் இல்லை, மூன்று ஆண்டு கழித்து 11.3 சதவீதம். தாங்கள் பருமன் என்று சில நேரமாவது தோன்றுவதாகச் சொன்னவர்கள் 74 சதவீதம். அது வீட்டுக்கு ஒரு டிவிகூட இல்லாத காலம். இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும், முகத்தையும் இடுப்பையும் நொடியில் திருத்திக் காட்டும் ஃபில்டரோடு ஒரு திரை இருக்கிறது.

ஆனாலும் 'குண்டாகிவிடுவேன்' என்று சொல்பவர்களுக்குத்தான் இந்த நோய் என்று நினைத்தால் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலரைத் தவறவிடுவோம். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ பார்த்த நோயாளிகளில் பலர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. வயிறு உப்புகிறது, பசியே இல்லை என்றுதான் சொன்னார்கள். 1995-ல் டெல்லி மருத்துவர்கள் எழுதிய குறிப்பிலும் ஐந்து இளம்பெண்கள் இதே போலத்தான்: சாப்பிட மறுப்பு, ஓயாத வாந்தி, கடும் மெலிவு, பருமனாகிவிடுவோம் என்ற அச்சம் மட்டும் வெளியே தெரியவில்லை. இப்படி வரும் பெண் முதலில் குடல் மருத்துவரிடம் போவாள். எண்டோஸ்கோபி நடக்கும், ஸ்கேன் நடக்கும், "ஒன்றுமில்லை, கேஸ்தான்" என்று அனுப்புவார்கள். மாதவிலக்கு நின்றால் ஹார்மோன் மாத்திரை. சனிக்கிழமை விரதம் வாரம் மூன்று விரதமாகும். பக்தி என்று வீடு பூரிக்கும். மாதங்கள் ஓடிவிடும்.

மெலிந்திருந்தால்தான் நோய் என்பதும் இல்லை. மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் 1979-ல் பெயரிட்ட புலிமியா நெர்வோசாவில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது, பிறகு அதை வெளியேற்றுவது. பல் எனாமல் கரையும், பொட்டாசியம் இறங்கும், யாருக்கும் தெரியாது. வெளியேற்றாமல் அளவு மீறிச் சாப்பிட்டுத் தன்னையே வெறுக்கும் 'பிஞ்ச் ஈட்டிங்' 2013-ல்தான் அமெரிக்க மனநலக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது. பையன்களுக்கும் வரும். ஜிம்மில் மூன்று மணி நேரம், தராசில் நிறுத்த கோழி நெஞ்சுக்கறி, எத்தனை உடம்பு ஏறினாலும் போதவில்லை என்ற தவிப்பு: இதை 'பாடி மெயின்டெய்ன் பண்றான்' என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

1870-களில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்த நோய்க்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்று பெயர் வைத்தபோது, உணவையே மருந்தாகக் கொடுக்க வேண்டும் என்று சரியாகச் சொன்னார். கூடவே, உறவினர்கள் இந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ள லாயக்கற்றவர்கள் என்றும் சொன்னார். அந்தக் கருத்து நூறு ஆண்டு நின்றது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மருத்துவ வழக்கமாகவே இருந்தது. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இதைத் தலைகீழாக்கினார்கள். நோய்க்குக் காரணம் யார் என்று தேடுவதை நிறுத்திவிட்டு, சாப்பிட வைக்கும் பொறுப்பைப் பெற்றோர் கையில் கொடுத்தார்கள். என்ன சாப்பாடு, எவ்வளவு, எப்போது என்பதைக் கொஞ்ச காலத்துக்கு அப்பா அம்மா முடிவு செய்வார்கள். எடை மீண்டும் ஏற ஏற, முடிவு பிள்ளையின் கைக்குத் திரும்பும். அமெரிக்காவில் 121 பருவ வயதினரை வைத்து நடத்தி 2010-ல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து முழுமையாகத் தேறியிருந்தவர்கள் இந்த முறையில் 49 சதவீதம். தனியாளாகப் பெற்ற சிகிச்சையில் 23 சதவீதம்.

நம் வீடுகளுக்கு இது கைவராத கலை அல்ல. சாப்பாட்டு நேரத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கெஞ்சல் வேண்டாம், மிரட்டல் வேண்டாம், கலோரி விவாதம் அறவே வேண்டாம்.

"ப்ளீஸ்மா, நாளைக்குச் சத்தியமா சாப்பிடறேன்."

"கஷ்டமா இருக்குன்னு தெரியும் கண்ணு. இந்த இட்லியை முடிச்சிடு. நான் இங்கேயேதான் இருக்கேன்."

அவள் அழலாம், தட்டைத் தள்ளலாம், "உன்னை மாதிரி அம்மா எனக்கு வேண்டாம்" என்றுகூடச் சொல்லலாம். எழுந்து போகாமல் இருப்பதுதான் வைத்தியம். ஆபீஸுக்கு லீவு போட வேண்டியிருக்கும், தாத்தா பாட்டியின் உதவி கேட்க வேண்டியிருக்கும், பள்ளியில் மதிய உணவுக்கு ஓர் ஆசிரியரிடம் பேசி வைக்க வேண்டியிருக்கும். பெற்றவர்களை இந்தப் பாரத்தோடு தனியே விடக் கூடாது என்று உறவினர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கத் தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கை. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு, அல்லது மிகவும் மெலிந்துவிட்டவருக்கு, வீட்டில் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சரசரவென்று இறங்கி இதயம் தடுமாறும். போர்க் கைதிகள் சிலர் விடுதலையாகிச் சாப்பிட்ட பிறகே இறந்தது இதனால்தான். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மிகக் குறைந்த நாடித்துடிப்பு, கால் வீக்கம் இருந்தால் முதலில் மருத்துவமனை. ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட் பரிசோதனைகளைக் கேட்டுச் செய்யுங்கள். மனநோய்களில் உயிர்ச்சேதம் மிக அதிகமாக உள்ளவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று. பிள்ளை சுறுசுறுப்பாக ஓடியாடிக்கொண்டிருக்கிறாள் என்பதோ வகுப்பில் முதலாவதாக வருகிறாள் என்பதோ ஆபத்து இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

மனநல மருத்துவர், பொது மருத்துவர் அல்லது குழந்தைகள் நல மருத்துவர், உணவியல் நிபுணர் மூவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். மறுபடி சாப்பிடத் தொடங்கிய பிள்ளை சில காலம் இரண்டு மடங்கு கேட்டால் பயப்பட வேண்டாம். மின்னசோட்டா இளைஞர்களுக்கும் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் மாதக்கணக்கில் பசி அடங்கவில்லை. முதலில் வயிற்றில் சதை போட்டபோது அவர்களும் பருத்துவிட்டதாகத்தான் குறைப்பட்டார்கள். எடை முதலில் வரும், மனம் பின்னால் வரும். இடையில் இருக்கும் மாதங்களில்தான் பல குடும்பங்கள் 'தேறிவிட்டாள்' என்று மருத்துவரிடம் போவதை நிறுத்துகின்றன. நிறுத்த வேண்டாம். அந்த மாதங்களிலும் மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் சிற்றுண்டியும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க, தவறாமல் நடக்கட்டும்.