பந்தாட்டத் தோல்வியும் பழியாராய்ச்சியும்

ஒரு கோஷ்டி வெற்றி பெற்றால், அவ்வெற்றியைப் பெற்றுத் தந்தவர் இன்னாரென்று ஊரார் ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்துவிடுகின்றனர். தோற்றாலோ, தோற்பித்தவர் யாரென்னும் விசாரணை வருஷக்கணக்கில் நடைபெறுகின்றது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி கத்தார் தேசத்து லுசைல் மைதானத்தில் ஆர்ஜெந்தீனாவும் பிரான்சும் உலகக் கோப்பைக்காகப் பொருதிய இறுதிப் பந்தயத்தைப் பற்றி, நம் புதுவைக் கடற்கரையில் மாலை வேளையில் காற்று வாங்க அமர்ந்திருப்போரை வினவிப் பாருங்கள். ஒருவர் பயிற்சியாளரைக் குறை கூறுவார், மற்றொருவர் மத்தியஸ்தரை, மூன்றாமவர், இருபத்திரண்டு வயது நிரம்பிய ஓர் இளைஞரை. அவ்விசாரணையின் தன்மை யாது, அதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்பதை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரான்சு தோற்றால் புதுவை ஏன் வருந்தவேண்டும் என்று வெளியூர் அன்பர்கள் கேட்கக்கூடும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி இவ்வூரின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, விரும்பியவர் ஆறு மாத காலத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாமென்று இடம் வைக்கப்பட்டது. அவ்வாறு தேர்ந்துகொண்ட குடும்பங்களின் சந்ததியார் இன்றும் இங்கு வாழ்கின்றனர்; பிரான்சின் தேர்தல்களில் இங்கிருந்தே வாக்களிக்கின்றனர். பிரெஞ்சுப் படையில் சேவித்து உபகாரச் சம்பளம் பெறுவோரை ‘சொல்தா’ என்று நம்மூர்த் தெருக்களில் அழைப்பதை யார் அறியார்? ஆகவே நீலச் சட்டைக் கோஷ்டி இவர்களுக்கு அயலார் கோஷ்டியன்று. ஆனால் இவ்வூரில் மெஸ்ஸியின் அபிமானிகளுக்கும் குறைவில்லை. யான் அவ்விரவைக் கழித்த இல்லத்தில் தகப்பனார் பிரான்சின் பக்கமும், அவருடைய குமாரர் ஆர்ஜெந்தீனாவின் பக்கமும் அமர்ந்திருந்தனர்; இடையில் அமர்ந்திருந்த அம்மையார் எப்பக்கம் கூச்சல் எழுந்தாலும் அண்டை வீட்டார் என்ன நினைப்பரோ என்னும் ஒரே கவலையுடையவராயிருந்தார்.

ஆட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாய் நினைவுகூர்வோம். 23-ஆம் நிமிஷத்தில் தெம்பெலே, தி மரியாவைத் தள்ளியதாக மத்தியஸ்தர் கருதினமையால் கிடைத்த பெனால்டியை மெஸ்ஸி கோலாக்கினார். 36-ஆம் நிமிஷத்தில் தி மரியா இரண்டாவதை அடித்தார். முற்பாதி முழுவதிலும் பிரான்சு கோலை நோக்கி ஓர் உதையேனும் உதைத்ததில்லை. இடைவேளைக்குக்கூடக் காத்திராமல் 41-ஆம் நிமிஷத்தில் பயிற்சியாளர் தெஷாம், ஜிரூவையும் தெம்பெலேயையும் வெளியே அழைத்து, துராமையும் கோலோ முவானியையும் உள்ளே அனுப்பினார். எண்பது நிமிஷம் வரையில் எல்லாம் முடிந்ததென்றே தோன்றியது. அப்பொழுது கோலோ முவானியை ஒத்தாமெந்தி வீழ்த்த, அதனாற் கிடைத்த பெனால்டியை எம்பாப்பே கோலாக்கினார். அடுத்த நிமிஷமே இன்னொன்றையும் அடித்தார். கூடுதல் நேரத்தில் 108-ஆம் நிமிஷத்தில் மெஸ்ஸியும், 118-ஆம் நிமிஷத்தில் பெனால்டியால் எம்பாப்பேயும் ஒவ்வொன்று அடிக்க, ஆட்டம் மூன்றுக்கு மூன்றென்று சமனாயிற்று. முடிவில் பெனால்டி உதைகளில் நாலுக்கு இரண்டென்று ஆர்ஜெந்தீனா கோப்பையைக் கைக்கொண்டது. கோமானின் உதையை ஆர்ஜெந்தீனாவின் கோல் காவலர் மார்த்தினெஸ் தடுத்தார். சுவாமெனியின் உதை கம்பத்திற்கு வெளியே சென்றது.

இனி வழக்கிற்கு வருவோம். முதற் குற்றவாளியாக நிறுத்தப்படுபவர் கோலோ முவானி. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில், 123-ஆம் நிமிஷமென்று கணக்கிடத்தக்க அக்கடைசிக் கணத்தில், அவர் தனியராய்க் காவலரை எதிர்கொண்டு உதைத்த பந்தை மார்த்தினெஸ் தம் இடது காலை நீட்டித் தடுத்துவிட்டார். அது கோலாகியிருப்பின் பெனால்டி உதைகளுக்கே இடமிராது. இதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது நிமிஷங்களுக்கு முன் முதற் பெனால்டியைப் பெற்றுத் தந்தவரும் அவரே. நான்கு நாட்களுக்கு முன் மொரோக்கோவுக்கு எதிரான அரையிறுதியில் உள்ளே வந்த 44 வினாடிகளில் கோல் அடித்தவரும் அவரே. பெனால்டி உதைகளில் தமது முறை வந்தபோது தவறாமல் அடித்தவரும் அவரே. இவற்றை எடுத்துக் கூறினால் வாதிப்போர் சற்றே தலையசைத்துவிட்டு, “இருந்தாலும் அந்தப் பந்து...” என்று மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகின்றனர்.

இதன் காரணம் ஆராயத்தக்கது. கண்ணுக்குக் கடைசியாகத் தெரிந்ததே காரணமென்று மனம் கொள்ளுகின்றது. நிறைந்த குடத்திலிருந்து நீர் வழிந்தால் கடைசித் துளியைப் பழிப்பார் இல்லை; பந்தாட்டத்திலோ அதையே பழிக்கின்றோம். முற்பாதியில் நடுக்களம் முழுவதும் ஆர்ஜெந்தீனாவின் ஆளுகையில் இருந்தது. அதற்குத் தனியொருவரைக் காட்டமுடியாமையால் அது வழக்கில் இடம்பெறவில்லை. போக்பாவும் கான்தேயும் காயத்தால் அணிக்கே வரவில்லை. லூக்கா ஹெர்னாந்தெஸ் முதற் பந்தயத்திலேயே காயமுற்றார். இறுதிப் பந்தயத்துக்கு முன் பாசறையில் சுரம் பரவிச் சிலரைப் படுக்கையிற் கிடத்தியது. வராதவரையும் சுரத்தையும் யார் திட்டுவார்? பழி என்பது ஓர் உருவத்தை, ஒரு முகத்தை, கூடுமானால் ஒரு பெயரைத் தேடிக்கொண்டு அலைகின்றது.

பெனால்டி உதையில் அது எளிதில் கிடைத்துவிடுகின்றது. இம்முறை 1970-ஆம் ஆண்டில் விதிகளிற் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் சமனாய் முடிந்த ஆட்டங்களைத் திருவுளச் சீட்டாலோ நாணயத்தாலோ தீர்த்தனர். 1968-இல் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் இத்தாலி சோவியத் ரஷ்யாவை வென்றது நாணயத்தைச் சுண்டியதனால்தான். அன்று தோற்றவர் விதியை நொந்தனர். எந்த ஆட்டக்காரரையும் நோகவில்லை. பெனால்டி முறை நாணயத்தைவிட நியாயமானதென்பதில் ஐயமில்லை. எனினும், தோல்விக்கு ஒரு மனிதரின் முகத்தை ஒட்டித் தந்தது அம்முறையே.

அவ்வுதையின் இயல்பையும் சற்று நோக்குங்கள். பந்து பதினோரு மீட்டர் தூரத்தில் வைக்கப்படுகின்றது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். வலிய உதை அரை வினாடிக்குள் கோட்டைக் கடந்துவிடும். ஆதலால் காவலர் பெரும்பாலும் பந்தைப் பார்த்துப் பாய்வதில்லை, ஊகித்தே பாய்கின்றார். அங்ஙனமிருந்தும் தேர்ந்த ஆட்டக்காரர் உதைப்பவற்றுள் ஏறக்குறைய நான்கில் ஒன்று வீணாகின்றது. பக்கத்துக்கு ஐந்து பேர் உதைத்தால் எவரேனும் ஒருவர் தவறுவது அதிசயமன்று. ஒருவரும் தவறாதிருப்பதே அதிசயம். இதனுடன், மார்த்தினெஸ் சுவாமெனியின் முறைக்கு முன் பந்தை எடுத்து அப்பால் எறிந்து அவரை நடந்து சென்று எடுத்துவரச் செய்தார். உதைப்பவரின் கவனத்தைக் காவலர் முறைகேடாய்க் கலைத்தலாகாதென்று 2023-இல் விதி தெளிவாக்கப்பட்டது. சுவாமெனிக்கு அது காலங்கடந்த ஆறுதல். அந்தச் சுவாமெனியே எட்டு நாட்களுக்கு முன் இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில் தொலைவிலிருந்து முதற் கோலை அடித்தவர். அப்பந்தயத்தின் இறுதியில் இங்கிலாந்தின் தலைவர் ஹாரி கேன் ஒரு பெனால்டியைக் கம்பத்திற்கு மேலே உதைத்தமையால் நாம் பிழைத்தோம். அன்றிரவு நம் தெருவில் வாணம் வெடித்தவர் எவரும் கேனின் பிழையை எண்ணி வருந்தியதாக யான் கேட்டதில்லை.

பயிற்சியாளர்மீது சுமத்தப்படும் குற்றம் சற்றே கனமானது. 71-ஆம் நிமிஷத்தில் கிரீஸ்மானை ஏன் வெளியே அழைத்தார் என்பதே அது. ஆயினும் அம்மாற்றங்களுக்குப் பின்னரே பிரான்சு உயிர்பெற்றெழுந்தது என்பதையும் காணவேண்டும். பயிற்சியாளரே பழி சுமத்துபவராக மாறிய வரலாறும் ஒன்றுண்டு. நம்மூர் முதியோர் அதனை மறக்கவில்லை. 1993-இல் பிரான்சு, அடுத்த ஆண்டின் உலகக் கோப்பைக்குச் செல்ல, பாரிஸில் நடந்த கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒன்றைச் சமன்செய்தாலே போதுமாயிருந்தது. அக்டோபரில் இஸ்ரேலிடம் 2-3 என்று தோற்றது. நவம்பர் 17-ஆம் தேதி பல்கேரியாவுடன் ஒன்றுக்கு ஒன்று என்றிருந்த கடைசி நிமிஷத்தில், மாற்றாளாக வந்திருந்த ஜினோலா, எதிரியின் மூலைக்கொடியருகே பந்தைக் காத்துக்கொண்டிராமல் நடுவே தூக்கியடித்தார். அது எவர்க்கும் எட்டாமற் போயிற்று, பல்கேரியர் அதைக் கைப்பற்றி விரைந்தனர், கொஸ்தாடினோவ் கோலடித்தார். பயிற்சியாளர் ஹூலியே வெளிப்படையாகவே ஜினோலாவைக் குற்றஞ்சாட்டினார். 2011-இல் வெளியான ஒரு நூலில் அவ்வார்த்தை மீண்டும் எழ, ஜினோலா வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பதினெட்டு வருஷம் கழிந்தும் ஆறாத புண்! இஸ்ரேலிடம் கடைசி நிமிஷங்களில் கைநழுவவிட்ட ஆட்டத்தை அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டனர். அதற்குப் பொறுப்பாளியெனக் காட்ட ஒரு தனி முகம் இல்லாததே காரணம்.

மத்தியஸ்தரைப் பற்றிய வழக்கோ வேறு வகையது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. எனினும் கூடம் சிற்சில சமயம் கோணலாகவும் இருக்கலாம். லுசைலில் மெஸ்ஸியின் இரண்டாவது கோலின்போது ஆர்ஜெந்தீனாவின் மாற்று ஆட்டக்காரர் சிலர் களத்துக்குள் ஓடிவந்துவிட்டனரென்று பிரான்சில் ஆட்சேபம் எழுந்தது. ஆட்டத்தை மீண்டும் நடத்தவேண்டுமென்ற விண்ணப்பத்தில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். போலந்து தேசத்தவரான மத்தியஸ்தர் மார்சினியாக், எம்பாப்பேயின் ஒரு கோலின்போது பிரான்சின் ஆட்களும் எழுவர் அவ்வாறே உள்ளே நின்றதைக் காட்டும் படத்தைத் தம் தொலைபேசியிலிருந்து எடுத்துக் காட்டினார். அதற்கு மேல் பேச்சில்லை.

நம் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயில் இதே கேள்வி சில மாதங்களுக்குள் வேறு உருவில் எழுந்தது. மாஹே கேரளக் கரையில் உள்ளதாகையால் அங்குள்ள அபிமானம் பெரும்பாலும் கேரள பிளாஸ்டர்ஸ் கோஷ்டிக்கே. 2023 மார்ச்சு 3-ஆம் தேதி பெங்களூரில் நடந்த ஐ. எஸ். எல். பிளே-ஆப் பந்தயத்தின் கூடுதல் நேரத்தில், பிளாஸ்டர்ஸ் கோஷ்டியார் தடுப்புச் சுவர் அமைக்குமுன் சுனில் சேத்ரி தமக்குக் கிடைத்த பிரீ கிக்கை உடனே உதைத்துக் கோலாக்கினார். பயிற்சியாளர் வுகோமானோவிச் தம் ஆட்டக்காரரை அழைத்துக்கொண்டு களத்தைவிட்டே வெளியேறினார். விதி யாதெனின், பிரீ கிக் பெற்றவர் காத்திருக்கவேண்டியதில்லை, விரைந்து உதைக்கலாம் என்பதே. ஆனால் எதிரிகளைத் தூரத்தில் நிறுத்துமாறு அவரே கேட்டிருந்தால் ஊதல் ஒலிக்கும் வரையில் காத்திருக்கவேண்டும். அன்று எது நிகழ்ந்தது என்பதிலேதான் இருதிறத்தாரும் மாறுபட்டனர். ஆட்சேபம் தள்ளுபடியாயிற்று, கோஷ்டிக்கு நாலு கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் விலக்கும் விதிக்கப்பட்டன. விதியைத் தெளிவாய் எடுத்துக் கூறி நடத்தும் இத்தகைய வாதம் பயனுடையதென்றே யான் கருதுகின்றேன். கேட்போர் அதனால் ஆட்டத்தை முன்னிலும் நன்கு அறிகின்றனர். களத்தைவிட்டு வெளியேறினால் மட்டும் வாதிப்பதற்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆயினும் லுசைல் பந்தயத்தின் மறுநாள் எழுந்தது வாதமன்று. கோமானையும் சுவாமெனியையும் அவர்தம் கருநிறத்தைச் சுட்டி இழிசொற்களால் வைதனர். கோமான் விளையாடிய பயேர்ன் மியூனிக் சங்கம் அதனைக் கண்டித்தது. பிரெஞ்சுப் பந்தாட்டச் சம்மேளனம் சட்டப்படி புகார் செய்வதாக அறிவித்தது. வென்ற நாளில் ‘நம் பிள்ளைகள்’ என்றவரே தோற்ற நாளில் ‘இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?’ என்று கேட்டனர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி சென்று அடைந்த இடம் ஆட்டத்துக்கே புறம்பானது. சுவாமெனியின் உதை வெளியே சென்றதற்கும் அவருடைய தோலின் நிறத்திற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இது புதுவைக்கு எவ்வளவு நெருங்கிய விஷயமென்பதை யான் அறிந்துகொண்டது ஓர் உரையாடலினால். முன்னே குறிப்பிட்ட இல்லத்திற்கு அடுத்த வாரம் சென்றிருந்தேன். சொல்தா உத்தியோகத்தில் இருபது வருஷத்திற்கு மேல் கழித்த முதியவர் ஒருவர் அங்கு வந்திருந்தார். அவ்வீட்டு உறவுப் பிள்ளை ஒருவன், பாரிஸை அடுத்த ஊரில் பிறந்து விடுமுறைக்கு வந்தவன், பேச்சின் வேகத்தில், “அந்த இரண்டு பேரும் உண்மையில் பிரெஞ்சுக்காரர்களே அல்லர், தாத்தா” என்று சொல்லிவிட்டான். பெரியவர் சினக்கவில்லை. தம் சட்டைப்பையிலிருந்து பிரெஞ்சு அடையாளச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். “தம்பி, இதிலுள்ள பெயரை வாசி. முகத்தையும் பார். நான் ஒரு நாள் பந்தைத் தவறவிட்டால் என்னை என்னவென்று சொல்லுவாய்?” என்றார். பையன் சீட்டைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைப் பெரியவரிடமே பணிவாய்க் கொடுத்துவிட்டு, “அது சரி, தாத்தா; ஆனால் கிரீஸ்மானை ஏன் வெளியே எடுத்தார்கள்?” என்று கேட்டான். “அது கேட்கவேண்டிய கேள்வி” என்று சொல்லி நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார் பெரியவர். யான் விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டபோது மணி ஒன்பதரை. கிரீஸ்மானின் விசாரணை அப்பொழுதுதான் தொடங்கியிருந்தது.