வலைப்பக்கக் கலையின் பாலபாடம்

வலைப்பக்கம் அமைக்கும் வித்தையைப் பயில விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, எந்த வர்ணம் பொருத்தமாயிருக்கும் என்பதையும், எந்த மென்பொருளைக் கையாண்டால் காரியம் சுருக்காக முடியும் என்பதையும்தான். இவை கேட்கத் தகாத கேள்விகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், ஒரு பக்கத்தில் எது தலைப்பு, எது விஷயம், எது அதனுள் அடங்கிய உபவிஷயம் என்னும் பாகுபாடு மனத்தில் தெளிவுபடுவதற்கு முன்னரே அதை அலங்கரித்துப் பார்க்கும் ஆசை பிறந்துவிடுமானால், அந்த ஆசையே கல்விக்கு இடையூறாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். வலைப்பக்கம் முதலில் ஒழுங்குபடுத்தப்பட்ட எழுத்து. அதன் பின்னரே சித்திரம். இந்த வரிசையை மாற்றிப் பயின்றவர்கள் வெகுகாலம் உழைத்தும், பிறர் வரைந்து வைத்த ஆயத்த வடிவங்களில் சொற்களை நிரப்புகிறவர்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் கலையின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொண்டால், மேற்சொன்ன வரிசை இதற்கு இயல்பானது என்பது விளங்கும். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில், பல தேசங்களிலிருந்து வந்த விஞ்ஞானிகள், ஒருவர் எழுதிய குறிப்பை மற்றொருவர் எளிதில் படிக்க இயலாதபடி வெவ்வேறு வகையான கணிப்பொறிகளை வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டு வந்த காலத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒரு யோசனையை எழுதித் தம் மேலதிகாரியிடம் சமர்ப்பித்தார். 1990-ஆம் வருஷ முடிவுக்குள் நெக்ஸ்ட் என்னும் கணிப்பொறியில் உலகத்தின் முதல் வலைப்பக்கமும் அதைப் படிப்பதற்குரிய உலாவியும் உருவாகிவிட்டன. ஆனால் அந்தக் கணிப்பொறி வைத்திருந்தவர்களோ வெகு சிலர். ஆகவே நிக்கோலா பெல்லோ என்னும் மாணவி, படமோ வர்ணமோ காட்ட வகையில்லாமல் வெறும் எழுத்து வரிகளை மட்டுமே காட்டும் சாதாரண முனையங்களிலும் இயங்கக்கூடிய மற்றோர் உலாவியை எழுதினார். ஒரே பக்கம் ஓரிடத்தில் சாளரத்துக்குள் அழகிய எழுத்துருவிலும், வேறோரிடத்தில் தட்டையான வரிகளாகவும் தோன்றிற்று. எழுதியவர் இரண்டில் எதையும் நிர்ணயிக்கவில்லை. 1993-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் நிலையம் இந்தத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று பொதுவுடைமையாக்கியது. அந்த ஆதிப் பக்கத்தை 2013-இல் பழைய முகவரியிலேயே அவர்கள் மீண்டும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதை இன்றைய கணிப்பொறியில் திறந்து, சாளரத்தை விரித்தும் குறுக்கியும் பார்த்தால், வரிகள் அதன் அகலத்துக்குத் தாமாகவே மடங்கிக்கொள்வதைக் காணலாம். அவ்வளவு பழைய பக்கம் எந்த அகலமுள்ள சாளரத்துக்கும் பொருந்துகிறதென்றால், அதற்குக் காரணம் எவரும் அதற்கு ஓர் அகலத்தை விதிக்காமல் விட்டதேயாகும்.

எச்.டி.எம்.எல். என்று நாம் வழங்கும் குறிமொழி, அச்சகத்தார் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த ஒரு பழக்கத்தின் வழிவந்தது. கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் பதிப்பாசிரியர், இது தலைப்பு, இது மேற்கோள், இது புதிய பத்தி என்று மையால் குறியிட்டு அனுப்புவார். அச்சுக்கோப்பவர் அந்தக் குறிகளுக்கேற்ற எழுத்துகளை எடுத்துக் கோப்பார். இங்கே பதிப்பாசிரியரின் ஸ்தானத்தில் நாம் இருக்கிறோம், அச்சுக்கோப்பவரின் ஸ்தானத்தில் உலாவி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இருபதுக்கும் குறைவாயிருந்த குறிச்சொற்கள் இன்று நூற்றைத் தாண்டிவிட்டன என்றாலும், ஆரம்ப மாணாக்கருக்கு அவற்றில் பத்துப் பன்னிரண்டு போதும்.

அப்பியாசத்துக்கு எதை எழுதுவது என்று கேட்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஒரு சமையற் குறிப்பு. பருப்பு ரசத்தையே எடுத்துக்கொள்வோம். ரசத்தின் பெயர் தலைப்பு. அது எச்1 என்னும் குறிக்குள் அடங்கும். அதைப் பற்றிய இரண்டு வாக்கிய முன்னுரை ஒரு பத்தி. துவரம்பருப்பு, புளி, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகிய சாமான்களை எந்த வரிசையில் சொன்னாலும் பாதகமில்லையாதலால், அவை எண்ணிடாத பட்டியலுக்கு உரியவை. செய்முறையோ அப்படியன்று. புளித் தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே பருப்புத் தண்ணீரைச் சேர்க்க வேண்டும், நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும் என்னும் முறை பிறழ்ந்தால் ரசம் ரசமாயிராது. ஆதலால் அது எண்ணிட்ட பட்டியலாகவே அமைய வேண்டும். திரையில் இவ்விரண்டு பட்டியல்களுக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றில் புள்ளியும் மற்றொன்றில் எண்ணும் வருவது மட்டுந்தான். ஆனால் எழுதுகிறவர் புள்ளிக்கும் எண்ணுக்கும் ஆசைப்பட்டு அவற்றைத் தேர்ந்தெடுக்காமல், விஷயத்தின் சுபாவத்தை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப் பழகிவிட்டாரானால், இந்த வித்தையில் அவர் பாதி வழி கடந்துவிட்டார் என்றே சொல்லலாம். எழுத்துப் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காகச் சாதாரண வாக்கியத்தைத் தலைப்புக் குறிக்குள் அடைக்கும் பழக்கம் மிகவும் பரவியிருக்கிறது. அது மிகவும் கெட்ட பழக்கம்.

இதற்கு வேண்டிய கருவி, எந்தக் கணிப்பொறியிலும் கிடைக்கும் நோட்பேட் போன்ற எளிய எழுதுபலகையே. பெர்னர்ஸ்-லீ தாம் படைத்த உலாவியிலேயே பக்கத்தைத் திருத்தி எழுதும் வசதியையும் வைத்திருந்தார். குறிச்சொற்களை அடைக்கும் கோணக் குறிகளை மனிதர்கள் கையால் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உலகமோ அவருடைய எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிவிட்டுக் கையாலேயே எழுதிப் பழகிற்று. அதற்கு முக்கியமான காரணம், எந்தப் பக்கத்தின் மூலத்தையும் எவரும் உலாவியிலேயே திறந்து படிக்கலாம் என்னும் ஏற்பாடு. தன் இரகசியத்தை இவ்வளவு தாராளமாகக் காட்டிக்கொடுக்கும் கலை வேறு உண்டா என்பது சந்தேகமே. இன்றைய பெரிய வர்த்தகத் தளங்களின் மூலம் இயந்திரங்கள் நெய்த சிக்கலாயிருப்பதால், அவற்றைத் திறந்து பார்த்து மாணாக்கர் மனந்தளர வேண்டியதில்லை. சிறிய, எளிய தளங்களைத் திறந்து பார்ப்பது உத்தமம்.

இனி அலங்காரத்துக்கு வருவோம். வலை பிரபலமாகத் தொடங்கிய காலத்தில், பக்கத்தைப் பத்திரிகைபோல் பத்தி பத்தியாகப் பிரித்துக் காட்ட வழியில்லாமல், புள்ளிவிவரங்களுக்கென்று ஏற்பட்ட அட்டவணைக் குறியைக் கட்டங்கட்டமாக ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, கண்ணுக்குத் தெரியாத படங்களை இடைவெளிக்காகச் சொருகி, வடிவமைப்பாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. செர்ன் நிலையத்தில் பணியாற்றிய ஹோகோன் வியும் லீ என்னும் நார்வேக்காரர், விஷயத்தை ஓரிடத்திலும் அதன் தோற்றத்தை வேறோரிடத்திலும் எழுதிவைக்கும் சி.எஸ்.எஸ். முறையை 1994-ஆம் வருஷம் அக்டோபரில் முன்மொழிந்தார். பெர்ட் போஸ் என்பவர் அவருடன் சேர்ந்து உழைத்தார். 1996 டிசம்பரில் அது அதிகாரபூர்வமான பரிந்துரையாயிற்று. உலாவிகள் அதைச் சரிவரப் பின்பற்றுவதற்குப் பின்னும் சில வருஷங்கள் பிடித்தன. இதன் மகிமையைக் கண்ணாரக் காண விரும்புவோர், கனடா தேசத்து டேவ் ஷே 2003-இல் தொடங்கிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் என்னும் தளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள பக்கம் ஒன்றே ஒன்று. அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், தோற்றக் கட்டளைகளை மட்டும் பலர் பலவிதமாக எழுதி அனுப்ப, ஒரே வாசகம் ஒரு சமயம் தோட்டமாகவும் மறுசமயம் கடலடியாகவும் வேஷம் மாறி நிற்கிறது. நூறு பாடங்களில் சொல்லி விளங்காததை அந்தத் தளம் ஒரு நாழிகையில் விளக்கிவிடும்.

ஆயினும் தாளில் பழகிய கைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தாளின் அகலம் மாறாது. அச்சடித்த எழுத்து நகராது. ஆகவே அச்சுக் கலைஞன் தன் பக்கத்தின்மீது பூரண ஆதிக்கம் செலுத்துகிறான். வலையில் அந்த ஆதிக்கம் இல்லை. இல்லாததைக் குறையென்று கருதாமல் குணமென்று கொள்ள வேண்டும் என்று ஜான் ஆல்சாப் என்னும் ஆஸ்திரேலியர் 2000-ஆம் வருஷத்திலேயே ஒரு கட்டுரையில் வாதித்தார். அவர் சொல்லைக் கேட்டவர்கள் அப்பொழுது மிகச் சிலர். 2007-இல் ஐபோன் வந்து, அதைத் தொடர்ந்து எண்ணற்ற அளவுகளில் திரைகள் பெருகிய பிறகுதான், ஈதன் மார்க்கோட் 2010-இல் எடுத்துரைத்த, திரைக்கேற்பப் பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை உலகம் ஏற்றுக்கொண்டது. தொடக்கத்தில் இதற்காக மாணாக்கர் செய்ய வேண்டியவை சொற்பமே. வியூபோர்ட் என்னும் வரியைப் பக்கத்தின் தலைப்பகுதியில் மறவாமல் எழுத வேண்டும். அது இல்லாத பக்கத்தைக் கைப்பேசி உலாவி, ஏறத்தாழ 980 பிக்சல் அகலமுள்ள பெருந்திரைக்கு உரியதென்று எண்ணிக்கொண்டு, எறும்பு எழுத்தாகச் சுருக்கிக் காட்டும். அகலங்களைப் பிக்சல் கணக்கில் ஆணியடித்து வைக்காமல் சதவீதத்தில் சொல்ல வேண்டும். எஞ்சியதைப் பெரும்பாலும் உலாவியே பார்த்துக்கொள்ளும்.

தமிழில் எழுதப் புகுகிறவர் கவனிக்க வேண்டியவை தனியே சில உண்டு. ஆங்கிலப் பாடங்களை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இடறி விழுவது இங்கேதான். 1990-களில் தமிழ்ப் பக்கம் ஒன்றைப் படிக்க வேண்டுமானால், அந்தத் தளத்துக்குரிய எழுத்துருவை முதலில் இறக்கிப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இல்லாவிடில் பொருளற்ற லத்தீன் குறிகளே கண்ணில் படும். அந்தச் சங்கடங்களுக்கிடையிலும், செர்ன் நிலையத்துக்கு அண்மையிலுள்ள ஜெனீவா ஏரிக்கரையில், லோசான் நகரில் விஞ்ஞானியாயிருந்த கு. கல்யாணசுந்தரம் 1998-ஆம் வருஷத்துப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தமிழ் இலக்கியங்களை வலையேற்றத் துணிந்ததை நன்றியுடன் நினைக்கத்தான் வேண்டும். இன்று யூனிகோட் என்னும் பொது எழுத்துக் குறியீட்டு முறை வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது. கோப்பை யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்து, அதைப் பக்கத்தின் தலைப்பகுதியிலும் சொல்லி, மொழி தமிழ் என்று ஆரம்பக் குறியிலேயே அறிவித்துவிட்டால் போதும்.

எழுத்தின் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். உலாவிகள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எழுத்தளவு 16 பிக்சல். சுழிகள் நிறைந்த ண, ஞ முதலிய எழுத்துகளுக்கு 18 இருந்தால் கண்ணுக்கு இதமாயிருக்கும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரங்களின் வாலும் வளர்கிற நம் எழுத்துக்கு, வரிகளுக்கிடையே உலாவி தானாக விடும் இடைவெளி பற்றாது; எழுத்தளவைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரை வரியுயரம் வைப்பது நல்லது. பத்தியின் இரு ஓரங்களையும் சமப்படுத்தும் ஆசையை அடியோடு விட்டுவிட வேண்டும்: அச்சில் நீண்ட சொல்லை வரி முடிவில் துண்டித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் சௌகரியம் உண்டு, உலாவி தானாக அவ்வாறு செய்வதில்லையாகையால், குறுகிய கைப்பேசித் திரையில் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லைச் சாய்வெழுத்தில் போடுவது ஆங்கில மரபு. நம் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்ந்த வடிவமே கிடையாது. உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்க்க, அது விகாரமாய்த் தோன்றும். தடித்த எழுத்தே நமக்குப் போதும்.

வர்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்னணிக்கும் எழுத்துக்குமுள்ள ஒளிப் பேதம் குறைந்தபட்சம் 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று சர்வதேச வலை நெறிமுறை விதிக்கிறது; வெள்ளைமீது இளஞ்சாம்பலில் எழுதுவதை நாகரிகமென்று கருதுகிறவர்கள் இதை அறிவது நலம். படம் ஒவ்வொன்றுக்கும் ஆல்ட் என்னும் இடத்தில் அது காட்டும் விஷயத்தை ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டும். கண்பார்வையற்றவருக்கு அவருடைய கருவி வாசித்துச் சொல்வது அந்த வாக்கியத்தைத்தான். படத்தை ஏற்றும் முன் சுருக்கவும் வேண்டும். ஆயிரம் சொற்களுள்ள தமிழ்க் கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட, கைப்பேசியில் எடுத்த புகைப்படம் ஒன்றே அதைப்போல் நூறு மடங்கு கனக்கலாம்.

பக்கத்தை இயங்கச் செய்யும் நிரல்மொழியாகிய ஜாவாஸ்கிரிப்ட்டை எப்பொழுது கற்பது என்று கேட்கலாம். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995-இல் பத்தே நாட்களில் அதன் முதல் வடிவத்தை எழுதி முடித்தார் என்பது பிரசித்தம். அதைக் கற்பதற்குப் பத்து நாட்கள் போதுமென்று அதனால் ஏற்பட்டுவிடாது. கையால் எழுதிய சில பக்கங்கள் செவ்வையாக நிற்கும்வரை அதன் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

ஆகவே வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே: நீங்கள் நன்கு அறிந்த விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வர்ணமின்றி, படமின்றி, குறிகளை மட்டும் இட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு அலங்காரத்தைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். முடிந்ததும் அதை வேறொருவருடைய கைப்பேசியில் திறந்து, எழுத்தை இருமடங்கு பெரிதாக்கி, பக்கவாட்டில் தள்ளாமல் கடைசி வரி வரையில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியுமானால் தயங்காமல் வலையேற்றிவிடுங்கள். கிட்ஹப் பேஜஸ் போல, அதற்குக் கட்டணமின்றி இடந்தரும் சேவைகள் இன்று பல இருக்கின்றன.