சிங்க்குக்குக் கீழே டார்ச் அடியுங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வீடு வாங்குகிறவருக்கு இன்ஸ்பெக்டர் தரும் அறிக்கைக்கு, மாநில ரியல் எஸ்டேட் ஆணையம் ஒரு படிவம் வைத்திருக்கிறது. அஸ்திவாரம், கூரை, வயரிங், ஏ.சி., குழாய் என்று நீளும் அந்தப் படிவத்தில் டிஷ்வாஷருக்கு அடுத்த வரி, சிங்க்குக்கு அடியில் தொங்கியபடி சமையல் கழிவை அரைத்துச் சாக்கடைக்குத் தள்ளும் கார்பேஜ் டிஸ்போசலுக்கு. பார்த்தாயிற்று, பார்க்கவில்லை, இந்த வீட்டில் இல்லை, குறை இருக்கிறது என்று நான்கு கட்டங்கள். அவசரக்கார இன்ஸ்பெக்டர் ஸ்விட்சைத் தட்டுவார், ‘கர்ர்’ என்று ஓடும், முதல் கட்டத்தில் டிக் விழும், நகர்ந்துவிடுவார்.

பல லட்சம் டாலர் வீட்டில் இருநூறு டாலருக்குள் கிடைக்கும் சாமானுக்கு அதற்கு மேல் என்ன மரியாதை என்று கேட்கலாம். ஆனால் தண்ணீர், மின்சாரம், சாக்கடை மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பது அந்த இருட்டு அலமாரிக்குள்தான். முந்தைய சொந்தக்காரர் ரிப்பேர் வேலையை ஒழுங்காகச் செய்தாரா, ஒட்டுப்போட்டுச் சமாளித்தாரா என்பது ஹாலில் தெரியாது. அங்கே தெரிந்துவிடும்.

இந்தச் சாதனத்தின் ஊர் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன். ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் உருவாக்கி, 1935இல் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய இன்சிங்கரேட்டர்தான் இன்றும் பல வீடுகளில் கண்ணில் படும் பெயர். நியூயார்க் நகரம் தன் பழைய சாக்கடைகளுக்குப் பயந்து, பெரும்பாலான பகுதிகளில் இதைப் பல ஆண்டுகள் தடை செய்திருந்தது. தடை நீங்கியது 1997இல். அங்குள்ள பழைய அபார்ட்மென்ட்களில் இது இல்லையென்றால் அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

உள்ளே மிக்ஸி ஜாரில் இருப்பதுபோல் பிளேடு கிடையாது. சுழலும் தட்டின்மேல் ஆடும் இரண்டு உலோகத் துண்டுகள், விழுகிற கழிவை ஓரத்தில் உள்ள சொரசொரப்பான வளையத்தின்மேல் வீசியடிக்கும். சாதாரண மாடல்களில் மோட்டார் நிமிடத்துக்கு 1,725 சுற்று சுற்றும். அதனால் ஸ்விட்சைத் தொடும் முன் ரப்பர் மடலை விலக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காலி வீட்டில் ஒரு டீஸ்பூனோ பாட்டில் மூடியோ உள்ளே கிடக்கலாம். கையை விட்டுத் துழாவ வேண்டாம், இடுக்கி இருக்கிறது. பிறகு குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு ஓட்ட வேண்டும்.

சத்தத்திலேயே பாதி தெரியும். ‘உம்ம்’ என்று முனகி சுற்றாமல் நின்றால், உடனே ஸ்விட்சை அணைக்க வேண்டும். ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது மாதக்கணக்கில் ஓட்டாமல் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. பல மாடல்களில் அடிப்பக்க நடுவில் உள்ள அறுகோணக் குழியில் கால் அங்குல ஆலன் கீயைச் செருகித் திருகினால் விடுபடும். சத்தமே வராவிட்டால், அடியிலுள்ள சிவப்பு ரீசெட் பட்டனையும் பிரேக்கரையும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பயந்து யாரும் வீட்டை விட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது கசிவுக்குத்தான். வெறுமனே குழாயைத் திறந்தால் அது காட்டிக்கொடுக்காது. சிங்க்கை அடைத்து நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு மோட்டாரை ஓட்ட வேண்டும். தண்ணீரின் கனமும் மோட்டாரின் அதிர்வும் சேரும்போது தளர்ந்த இணைப்பு கசியத் தொடங்கும். உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒவ்வோர் இணைப்பையும் ஒற்றிப் பார்க்கலாம். சிங்க்கோடு சேரும் மேல் விளிம்பில் ஈரமென்றால் புட்டி மாற்றினால் போதும். பக்கவாட்டுக் குழாய் என்றால் திருகை இறுக்கலாம். அடிப்பக்கத்திலிருந்து சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, மாற்றுவதே மேல். அலமாரித் தரையில் மட்டும் புத்தம்புது ஷீட் ஒட்டியிருந்தால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஊறி உப்பிய பலகையை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை.

ஸ்விட்ச் தட்டும் இன்ஸ்பெக்டர் பார்க்காத இன்னொன்று, மின்கேபிள் டிஸ்போசலுக்குள் நுழையும் இடம். அங்கே ஒரு கிளாம்ப் கேபிளைப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடும்போதெல்லாம் தகரத்தின் விளிம்பு உறையை உரசிக்கொண்டே இருக்கும், அதுவும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.

டிஷ்வாஷரின் கழிவுநீர்க் குழாயும் பெரும்பாலும் டிஸ்போசலில்தான் சேர்கிறது. புது டிஸ்போசலில் அந்த வாயை ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டி அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுத்தான் குழாயை மாட்ட வேண்டும். விற்பதற்காக அவசரமாகப் புதுப்பித்த வீடுகளில் இதை மறந்துவிடுகிறார்கள். டிஸ்போசல் அருமையாக ஓடும், டிஷ்வாஷரின் அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். டிஷ்வாஷரையும் ஓடவிட்டு, தண்ணீர் வெளியேறும்வரை காத்திருக்கும் இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த ஃபீஸ் வீண் இல்லை.

இத்தனையும் தண்ணீர் ஊற்றிச் செய்யும் சோதனைதான். சிலர் நாலைந்து ஐஸ் கட்டி போட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவே. வாழைத்தண்டு நாரும் முருங்கைச் சக்கையும் உள்ளே போனால் என்ன ஆகும் என்று எந்த அறிக்கையும் சொல்லாது. நார் உலோகத் துண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். மிஞ்சிய சோறு அரைபட்டுக் கூழாகி, குழாய் வளைவில் போய்ப் படியும். டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ குடியேறும் நம்மவர்கள் இவற்றைக் குப்பைத்தொட்டியில் போடுவதே நல்லது. முந்தைய குடும்பம் எதையெல்லாம் தள்ளியதோ என்ற சந்தேகம் இருந்தால், சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு; பழைய வீடென்றால் அந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். நகருக்கு வெளியே செப்டிக் டேங்க் உள்ள வீடென்றால், டிஸ்போசலை அதிகம் பயன்படுத்தினால் டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

குறை என்று டிக் விழுந்த பிறகு பேரம் தொடங்கும். விற்பவரையே மாற்றித்தரச் சொல்வது பலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டைவிட்டுப் போகிறவர் கடையில் இருப்பதிலேயே மலிவான, மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன் மாடலை வாங்கி, தெரிந்த ஆளை வைத்து மாட்டிவிடுவார். தொகையை விலையில் கழித்துக்கொண்டு முக்கால் குதிரைத்திறனில் நீங்களே வாங்குங்கள். பிளம்பர் வரும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள். கிளாம்பை மாட்டினாரா, மூடியைத் தட்டி எடுத்தாரா என்று கேட்க வேண்டியிருக்கும்.