கரையும் நமதே, கணக்கும் நமதே!

வானம் பொய்த்தால் வருண ஜெபம் நடத்துகிறார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மந்திரம் ஓதினால் மழை கொட்டுமாம்! கழுத்தளவுத் தண்ணீர் இருந்தால் மழையை ஏன் கேட்கப் போகிறோம் என்று அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் உழவன் கேட்க மாட்டானா?

அவன் பாட்டன் மந்திரத்தை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. மண்ணை வெட்டிக் கரை போட்டான், மடை வைத்தான், மிஞ்சிய நீர் கலுங்கில் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போக வழி செய்தான். வடகிழக்குப் பருவத்தில் சில நாள் பெய்யும் மழையைப் பல மாதத்துக்குச் சேர்த்து வைத்த அறிவு அது. தமிழகத்தில் இப்படி ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு.

இன்று? வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. உள்வாயெல்லாம் சீமைக்கருவேல். நெற்கதிர் கட்டிய கைகள் கரிமூட்டம் போடுகின்றன.

"அந்தக் காலத்தில் ஊரே கூடிக் குடிமராமத்து செய்தது" என்று பழம்பெருமை பேசுகிறார்கள். பேசட்டும். மண்வெட்டி யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பேசட்டும்! வெள்ளையர் ஆட்சி 1858-ஆம் ஆண்டில் போட்ட சட்டம், கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்பாரைக் கட்டாய வேலைக்கு இழுக்க அதிகாரம் தந்தது. கரை காத்தவன் சேரியிலே. கரையின் பலன் மேலத்தெருவிலே! ஊர்த் தன்னாட்சி என்பது இதுதான் என்றால், அது நமக்கு வேண்டாம்.

ஆனால் ஊர் கூடினால் கண்மாய் பிழைக்கும் என்பது உண்மை. மதுரையில் 1992-இல் தொடங்கிய வயலகம் முயற்சியில், உழவர்கள் சங்கம் அமைத்து, செலவில் தங்கள் பங்கையும் போட்டுக் கண்மாய்களைச் சீராக்கினார்கள். 2017-இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கி, 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை எடுத்தது. செலவில் பத்தில் ஒரு பங்கு உழவருடையது. பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரலாம். நல்ல ஏற்பாடு. வரவேற்கிறோம்.

ஆயினும் ஒரு கேள்வி. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பாசன சங்கத்தில் வாக்கு யாருக்கு? ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. காணி நிலமில்லாத கூலித் தோழருக்கு? ஆடு மேய்க்கும் அம்மாவுக்கு? கண்மாய் வற்றினால் முதலில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் அவர்களல்லவா!

எனவே தோழர்களே, கிராமசபைக்குப் போங்கள். மே 1-ஆம் நாளிலும் அது கூடுகிறது. உழைப்பாளர் நாளில் உழைப்பாளி பேசட்டும். மீன் குத்தகை எவ்வளவு, கருவேல மர ஏலம் எவ்வளவு, அள்ளிய கரம்பை யார் நிலத்துக்குப் போயிற்று என்று கேளுங்கள். நிலமற்றோருக்கும் அதில் பங்கு கேளுங்கள். மேல்கண்மாய்க்காரர் வரத்துக்காலை அடைத்தால், கீழூராரையும் அழைத்துப் பேசுங்கள். ஓர் ஊர் மட்டும் தனியே வாழ முடியாது.

1931-இல் விருதுநகரில் சுயமரியாதை மாநாடு கூடியது. அந்தச் சீமையில் ஒரு கண்மாய்க் கரையிலாவது எல்லாத் தெருவும் சமமாக நிற்கட்டும். நீர் தானே வந்து நிற்கும்!