உங்களுக்குத் தெரியுமா? குதூகலம்

ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடந்தால், ‘ஜவ்வாது மலையில் மக்கள் குதூகலம்’ என்று செய்தி வரும். பீமன் அருவியில் தண்ணீர் கொட்டினால் ‘சுற்றுலாப் பயணிகள் குதூகலம்’. கவலை மறந்து, வாய்விட்டுச் சிரித்து, கூட்டமாகக் கொண்டாடும் உற்சாகத்துக்குத் தமிழில் இதுவே பெயர். தனியாக உட்கார்ந்து மனநிறைவு அடைவதை யாரும் குதூகலம் என்பதில்லை.

ஆனால் சமஸ்கிருதத்தில் ‘குதூஹலம்’ என்றால் முதன்மையாக ‘அறியும் ஆவல்’. தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றும் அதே பொருள்தான். தமிழுக்கு வந்த பிறகே அது மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது. ‘குதூகலிக்க’, ‘குதூகலிப்பு’ என்று கிளையும் விட்டது.

அந்தப் பழைய பொருளுக்கும் இதே மலையில் ஓர் இடம் உண்டு: காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதற்கான தடயம் 1977இல் இங்கிருந்தும் பதிவானது. 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஆந்திர நண்பர் ‘குதூஹலம்’ என்றால், அவர் குதிக்கவில்லை. எதையோ தெரிந்துகொள்ளத் துடிக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்!